பழுது எங்கே? காது கேளாமை வைத்தியத்தின் முந்நூறு ஆண்டுகள்

காது கேளாமைக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பழுது காதின் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டறிய நம்பகமான வழி ஏதும் இருக்கவில்லை. சளியால் குழல் அடைபட்டவருக்கும், எலும்பு இறுகிப்போனவருக்கும், நரம்பு செத்தவருக்கும் குறை ஒன்றாகவே தெரிந்தது: காது மந்தம். அதனால் மூவருக்கும் ஒரே எண்ணெய், ஒரே புகை, ஒரே ஊசி. பிற்காலத்தில் பலித்த வைத்தியங்கள் எல்லாமே பழுதின் இடத்தைச் சரியாகக் குறிவைத்தவை. குறி தவறியவற்றுக்கு நோயாளிகள் விலை கொடுத்தார்கள்.

காதுக்குள் நுழையும் ஒலி செவிப்பறையை அதிர வைக்கிறது. அந்த அதிர்வை நடுக்காதில் உள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் வாங்கி உள்காதுக்குத் தருகின்றன. அங்கவடியின் உயரம் 3 மில்லிமீட்டர் அளவுதான்; உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அது. அதன் அடித்தட்டு, திரவம் நிறைந்த காக்ளியாவின் சாளரத்தில் பொருந்தி நின்று உள்ளும் புறமும் அசைகிறது. காக்ளியா இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுருண்ட குழல். விரித்தால் 35 மில்லிமீட்டர் வரும். அதற்குள் வரிசைகட்டி நிற்கும் மயிர்ச் செல்கள் அதிர்வை மின்துடிப்பாக மாற்றி நரம்பில் ஏற்றுகின்றன. மூளைக்குச் செய்தி அனுப்பும் முக்கியமான உள்வரிசைச் செல்கள் ஒரு காதில் சுமார் 3,500 மட்டுமே. மனிதருக்கு அவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

செவிப்பறையிலோ சிற்றெலும்புகளிலோ தடை ஏற்பட்டால் அது கடத்தல் வகைக் கேளாமை. மயிர்ச் செல்களோ நரம்போ கெட்டால் நரம்பு வகை. முதலாவதை மருந்தாலும் கத்தியாலும் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். முதுமை, ஓயாத இரைச்சல், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற சில மருந்துகள், கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா, மரபணுக் கோளாறு ஆகியவை பெரும்பாலும் தாக்குவது இரண்டாவது இடத்தை. இன்று பாடநூலில் இரண்டு வரியில் முடிந்துவிடும் இந்தப் பிரிவினை தெளிவாவதற்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் காத்திருந்தது.

இடம் தெரியாத காலத்தில் ஓரளவு நியாயமான வழி, ஒலியைக் கூட்டித் தருவதுதான். உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது எந்த ஊரிலும் முதியவர்கள் தாமாகவே செய்வது. அதன் நீட்சியாக, மாட்டுக் கொம்பிலும் பிறகு தகரத்திலும் வெள்ளியிலும் செய்த காதுக் கொம்புகள் 17ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய நூல்களில் இடம்பெறுகின்றன. அகன்ற வாய் ஒலியைத் திரட்டும்; குறுகிய முனை அதைச் செவிக்குள் விடும். நல்ல கொம்பு 10 முதல் 20 டெசிபல் வரை கூட்டித் தந்தது. லேசான மந்தத்துக்கு அது பயன்பட்டது. முற்றிய நிலையில் பயனில்லை. பீத்தோவனுக்காக 1812க்கும் 1814க்கும் இடையில் யோஹான் மெல்சல் செய்துகொடுத்த கொம்புகள் இன்றும் பான் நகரில் இருக்கின்றன. அவையும் அவருக்கு நீண்ட காலம் உதவவில்லை. 1818 முதல் பார்க்க வந்தவர்கள் சொல்ல வேண்டியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்கள்.

கொம்பைத் தொழிலாகவே ஆக்கியது லண்டனின் எஃப். சி. ரெய்ன் நிறுவனம். 1800இல் தொடங்கி 1963 வரை அது நடந்தது. அதன் சரக்குகளைப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பது விளங்கும்: கேட்பதற்கும், கேட்கவில்லை என்பதை மறைப்பதற்கும். பெண்களுக்குக் கூந்தலுக்குள் மறையும் தலைப்பட்டை, கைவிசிறிக்குள் ஒளிந்த கொம்பு; ஆண்களுக்குத் தாடிக்குள் பதுங்கும் குழல்; சாப்பாட்டு மேசைக்குப் பூச்சாடி போன்ற ஒலிக்கலம். இந்த வரிசையில் பெயர்போனது, போர்ச்சுக்கல் மன்னர் ஆறாம் ஜோவாவுக்காக 1819இல் செய்த சிம்மாசனம். கைப்பிடிகள் இரண்டும் வாய் பிளந்த சிங்கத் தலைகள். பேச வந்தவர் மண்டியிட்டு சிங்கத்தின் வாய்க்குள் பேச வேண்டும். ஒலி நாற்காலிக்குள் ஓடும் குழல் வழியாக மன்னரின் காதுக்குப் போகும். மந்தம் அரசருக்கு, குனிய வேண்டியது மற்றவர்கள். இப்படி மறைக்காமல் கொம்பை ஊரறியப் பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ அவர்களில் ஒருவர். மந்தத்தை ஒளிக்காமல் அடுத்தவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தம்மைப் போன்றவர்களுக்கு 1834இல் அவர் எழுதினார். விற்பனையாளர்கள் அந்த யோசனையைக் கேட்டதாகத் தெரியவில்லை.

கொம்பு தீங்கு செய்யவில்லை. கத்தியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. காதுக்குள் கருவி செலுத்திய முயற்சிகளில் முதலில் குறிப்பிடத்தக்கது மருத்துவர் செய்ததல்ல. பிரான்சின் வெர்சாய் நகரத் தபால் அதிகாரி குயோ, தம் மந்தத்தைப் போக்கிக்கொள்ள, வளைந்த உலோகக் குழாயை வாய் வழியாகத் தொண்டைக்கு மேலே செலுத்தி, நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழலைக் கழுவினார். 1724இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அதை விளக்கியும் காட்டினார். 1741இல் ஆங்கிலேயப் படை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கிளீலண்ட் அதே வேலையை மூக்கு வழியாகச் செய்யும் முறையை வெளியிட்டார். அந்தக் குழல் அடைபட்டவர்களுக்கு இது பலித்தது. பலித்ததே வினையாயிற்று, எந்த வகைக் கேளாமைக்கும் குழாயைச் செலுத்தத் தொடங்கினார்கள்.

இதே கதை 1801இல் திரும்பவும் நடந்தது. லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், யூஸ்டேஷியன் குழல் அடைபட்டவர்களுக்குச் செவிப்பறையில் துளையிட்டால் காற்றழுத்தம் சமமாகி உடனே காது கேட்கும் என்று நிறுவினார். ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் தந்தது. எவருக்குத் துளையிட வேண்டும், எவருக்குக் கூடாது என்று அவர் தெளிவாகவே எழுதியிருந்தார். மற்றவர்கள் அந்தப் பகுதியைப் படிக்காதவர்களைப் போல, கண்ணில் பட்ட செவிட்டுக் காதையெல்லாம் குத்தினார்கள். வாசலில் குவிந்த கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இந்த முறை உதவாது என்று கண்ட கூப்பர் தாமே அதைக் கைவிட்டார். பாரிஸின் காது கேளாதோர் பள்ளி மருத்துவர் ழான் இத்தார் இன்னும் கொடிய வழிகளுக்குப் போனார். மாணவர்களின் காதில் மின்சாரம் பாய்ச்சினார், அட்டை விட்டார், செவிப்பறையைத் துளைத்தார். எவருக்கும் கேட்கும் திறன் திரும்பவில்லை.

காதுக்குப் பின்னுள்ள எலும்பைத் துளைக்கும் சிகிச்சைக்கு நேர்ந்தது வேறு. அந்த எலும்புக்குள் சீழ் கட்டினால் அது மூளைக்கு ஏறி உயிரைக் கொல்லும். எலும்பைத் திறந்து சீழை எடுப்பது உயிர்காக்கும் வேலை. ஆனால் டென்மார்க் அரச மருத்துவர் பெர்கர், சீழுக்காக அல்லாமல் கேளாமை நீங்குவதற்காக 1791இல் அதைச் செய்துகொண்டு இறந்தார். அவ்வளவு பெரிய மனிதர் இறந்ததும் மருத்துவர்கள் அந்த அறுவையைத் தொடவே அஞ்சினார்கள். 1873இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஹெர்மன் ஷ்வார்ட்ஸ அதன் விதிகளை ஒழுங்காக வகுத்து வெளியிடும் வரை, பிழைத்திருக்கக்கூடிய பலர் சீழ் பரவி மாண்டிருப்பார்கள். தவறான இடத்தில் செய்த ஒரே ஒரு சிகிச்சை, சரியான சிகிச்சையையும் எண்பது ஆண்டுகளுக்கு முடக்கிப் போட்டது.

பழுதின் இடத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு சாதாரண இசைக்கவை. ஜெர்மன் உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர் 1834இல் கவனித்தது இது: அதிரும் இசைக்கவையை நெற்றி நடுவில் வைத்து ஒரு காதை அடைத்தால், அடைத்த காதில்தான் ஒலி உரக்கக் கேட்கும். வெளியிலிருந்து வரும் ஒலிக்குத் தடை இருந்தாலும் எலும்பு வழியே வரும் ஒலி உள்காதை அடைந்துவிடுகிறது. கோட்டிங்கன் மருத்துவர் ஹைன்ரிஷ் ரின்ன 1855இல் இதைச் சோதனை முறையாக்கினார். கவையின் அடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஊன்ற வேண்டும். ஒலி அடங்கிவிட்டது என்று நோயாளி சொன்னதும் கவையின் முனையைக் காதுத் துளைக்கு எதிரே கொண்டுவர வேண்டும். மறுபடி கேட்டால் கடத்தும் பாதை சரி. மந்தம் இருந்தால் பழுது உள்ளே. கேட்கவில்லையென்றால் பழுது வழியில். சில விநாடி வேலை, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இன்றைக்கும் அரசு மருத்துவமனைக் காது மூக்குத் தொண்டைப் பிரிவின் மேசையில் 512 ஹெர்ட்ஸ் கவை ஒன்று கிடக்கும். இருந்தும் ரின்னயின் கட்டுரையை அவர் காலத்தவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் நூற்றாண்டு கழித்தே மற்ற ஜெர்மன் மருத்துவர்கள் அதைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

அதே நூற்றாண்டின் இறுதியில் மின்சாரம் வந்தது. அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் காது கேளாதவர்கள். காது கேளாதோருக்குக் கற்பிப்பதே அவர் தொழில். அவருடைய 1876ஆம் ஆண்டுத் தொலைபேசியின் நுட்பம்தான் பின்னால் கேட்கும் கருவிக்கு அடிப்படையானது. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மில்லர் ரீஸ் ஹட்சிசன் 1898இல் முதல் மின் கருவியைச் செய்தார். ஒலி பட்டதும் கரித்தூள் இறுகித் தளரும். அதற்கேற்ப மின்கலத்தின் மின்னோட்டம் ஏறி இறங்கும். காதில் மாட்டிய வில்லை அதை மீண்டும் ஒலியாக்கும். இரைச்சல் அதிகம். கரித்தூள் கட்டிக்கொண்டால் தட்டிவிட வேண்டும். ஆனாலும் மந்தச் செவியரான பிரிட்டிஷ் அரசி அலெக்சாண்ட்ரா 1902 முடிசூட்டு விழாக் காலத்தில் இதைப் பயன்படுத்தியதும் விற்பனை சூடுபிடித்தது. அதே ஹட்சிசன்தான் பிற்பாடு காதைப் பிளக்கும் கிளாக்சன் வண்டி ஹாரனையும் கண்டுபிடித்தார். ஊரைச் செவிடாக்கித் தம் கருவியை விற்கத்தான் அந்த ஹாரன் என்று மார்க் ட்வெய்ன் கேலி செய்ததாக ஒரு பேச்சு உண்டு.

1920களில் வெற்றிடக் குழாய்கள் வந்து ஒலி தெளிவானது. கூடவே சுமையும் ஏறியது. குழாயின் இழையைச் சூடாக்க ஒரு மின்கலம், மின்னோட்டத்துக்கு உயர் மின்னழுத்தம் தர இன்னொன்று. உடம்பில் கட்டிக்கொள்ளும் மாதிரிகள் 1930களின் பிற்பகுதியில்தான் கிடைத்தன. அவற்றிலும் மின்கலப் பொதியைத் தனியாகத் தொடையிலோ இடுப்பிலோ கட்ட வேண்டியிருந்தது. அதே காலத்தில் ஆடியோமீட்டரும் மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தது. எந்தச் சுருதியில் எத்தனை டெசிபல் குறைவு என்று தாளில் கோடு போட்டுக் காட்டியதால் மந்தத்தை முதன்முதலாக அளக்க முடிந்தது. டெசிபல் என்ற அலகில் இருப்பது பெல்லின் பெயர்.

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. உரிமக் கட்டணம் செலுத்தித்தான் மற்ற நிறுவனங்கள் அதைச் செய்ய முடியும். கேட்கும் கருவிக்கு மட்டும், பெல்லின் நினைவாக, உரிமத் தொகை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அதனால் பொதுமக்கள் கையில் கிடைத்த முதல் டிரான்சிஸ்டர் பொருள் ரேடியோ அல்ல. 1952 டிசம்பரில் விற்பனைக்கு வந்த சோனோடோன் 1010 காதுக் கருவி. அதில் ஒரு டிரான்சிஸ்டரோடு இரண்டு வெற்றிடக் குழாய்களும் இருந்தன, விலை 229.50 டாலர். இரண்டு ஆண்டுக்குள் குழாய்கள் இந்தத் தொழிலிலிருந்தே விடைபெற்றன. ஆரம்ப டிரான்சிஸ்டர்கள் உடம்பு வியர்வையின் ஈரத்தில் பழுதாகி மக்களைச் சலிக்க வைத்ததும் உண்டு. காதுக் கருவிக்காக ரேதியன் நிறுவனம் செய்த டிரான்சிஸ்டர்களில் சோதனையில் தேறாதவை, சி.கே. 722 என்ற பெயரில் 1953 முதல் மலிவாகக் கடைக்கு வந்தன. ஒரு தலைமுறை அமெரிக்கப் பையன்கள் அந்தக் கழிவுச் சரக்கை வைத்துத்தான் மின்னணுவியல் கற்றார்கள்.

சட்டைப் பையிலிருந்த பெட்டி காதுக்குப் பின்னால் ஏறியது, மூக்குக் கண்ணாடியின் கால்களுக்குள் புகுந்தது, கடைசியில் காதுத் துளைக்குள்ளேயே ஒளிந்தது. இதற்கெல்லாம் மருத்துவத் தேவையைவிடக் கூச்சமே அதிகம் உந்துதல் தந்தது என்று சொன்னால் மிகையில்லை. பார்வை மங்கியவர் கண்ணாடியை அலங்காரமாகவே போட்டுக்கொள்கிறார். காது மெஷினைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் முகம் சுளிக்கிறார். உருவம் சிறுத்தால் மின்கலமும் சிறுக்கும், ஒலிபெருக்கமும் குறையும். கேட்பது முக்கியமா மறைப்பது முக்கியமா என்பதில் தொழில் பல முறை இரண்டாவதன் பக்கமே சாய்ந்தது. 1996இல் முழுக்க டிஜிட்டல் கருவிகள் சந்தைக்கு வந்தபின், ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியே கூட்டிக் குறைத்து நோயாளியின் அளவுக்குத் தைக்க முடிந்தது. அதுவரை கருவி ஒலியை உயர்த்தும்போது சந்தடியையும் சேர்த்தே உயர்த்தியது.

கருவி ஒருபுறம் வளர, அறுவை மருத்துவம் அங்கவடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அந்த எலும்பு சாளரத்தோடு ஒட்டி இறுகிப்போகும் நோய்க்கு, வியன்னாவின் ஆடம் பொலிட்சர் 1890களில் ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று தனி அடையாளம் தந்தார். இளம் பெண்களை அதிகம் பிடிக்கும் நோய் இது. 1870களில் சிலர் அங்கவடியை அசைத்தும் பிடுங்கியும் பார்த்தார்கள். கிருமி நீக்கம் சரியாக இல்லாத, நுண்ணோக்கி இல்லாத நாள்கள் அவை. 1900இல் கூடிய சர்வதேச மாநாட்டில் பொலிட்சர் உள்ளிட்ட பெரியவர்கள் அந்த அறுவையைப் பயனற்றது, ஆபத்தானது என்று கண்டித்தார்கள். அங்கவடி அரை நூற்றாண்டுக்கு விலக்கப்பட்ட பொருளாயிற்று.

அதனால் அதைச் சுற்றிப் போக வழி தேடினார்கள். நியூயார்க்கின் ஜூலியஸ் லெம்பர்ட் 1938இல், உள்காதின் அரைவட்டக் குழாயில் புதிதாக ஒரு சாளரம் வெட்டி ஒலிக்குப் பாதை போடும் அறுவையை ஒரே கட்டமாக்கினார். பலருக்குக் கேட்டது, கூடவே தலைச்சுற்றலும், வாழ்நாளெல்லாம் மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்ய வேண்டிய குழியும் வந்தன. 1952இல் இன்னொரு நியூயார்க் மருத்துவர் சாமுவேல் ரோசன், அதே அறுவைக்கு முன் எலும்பு உண்மையிலேயே இறுகியிருக்கிறதா என்று கருவியால் தொட்டுப் பார்த்தார். உணர்வு மரத்த நிலையில் விழித்துப் படுத்திருந்த நோயாளி, தமக்குக் காது கேட்பதாகச் சொன்னார். அங்கவடி விடுபட்டுவிட்டது. ஐம்பது ஆண்டுத் தடை இந்தத் தற்செயலால் உடைந்தது. ஆனால் விடுபட்ட எலும்பு பல நோயாளிகளுக்கு மறுபடி இறுகியது.

மெம்பிஸ் நகரில் ஜான் ஷே 1956 மே 1 அன்று அங்கவடியையே முழுவதும் எடுத்துவிட்டு, சாளரத்தை நோயாளியின் சிரைத் துண்டால் மூடி, டெஃப்லானில் கடைந்த போலி அங்கவடியை அதன்மேல் நிறுத்தினார். நோயாளி 54 வயதுப் பெண். அவருக்குக் கேட்டது. உப்புக்கல் அளவுள்ள பிளாஸ்டிக்கை உயிர் எலும்புகளுக்கு நடுவே பொருத்த, அப்போது புதிதாக வந்திருந்த அறுவை நுண்ணோக்கி உதவியது. இன்று அங்கவடியின் அடித்தட்டில் சிறு துளை மட்டும் இட்டு உலக்கை வடிவச் செருகியை வைக்கிறார்கள். தேர்ந்த கைகளில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் தரும் அறுவை இது. செவிப்பறைக் கிழிசலுக்கு ஒட்டுப்போடும் அறுவையும் அதே 1950களில் ஜெர்மனியில் முறைப்பட்டது. சல்ஃபா மருந்தும் பெனிசிலினும் வந்தபின் எலும்புக்குள் சீழ் கட்டுவதும் வெகுவாகக் குறைந்தது. கடத்தல் வகையைப் பொறுத்தவரை வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

நரம்பு வகைக்கு எவரிடமும் விடை இல்லை. 1957 பிப்ரவரியில் பாரிஸில், இரு காதும் நோயால் அழிந்த ஒருவருக்கு ஷார்ல் எய்ரியே அறுவை செய்ய, ஆந்த்ரே ஜூர்னோ தாம் செய்த மின்சுருளைக் கேட்கும் நரம்பருகே வைத்தார். நோயாளி தாளத்தை உணர்ந்தார். பழகியபின் சில சொற்களை அடையாளம் கண்டார். சுருள் பழுதாகியது, மாற்றினார்கள், மறுபடி பழுதாகியது. ஜூர்னோ, எய்ரியே இருவரின் கூட்டும் அங்கே நின்றது. அந்தச் செய்தியைத் தாங்கிய பத்திரிகைத் துணுக்கை ஒரு நோயாளி லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் வில்லியம் ஹவுஸிடம் கொண்டுவந்து கொடுத்தார். 1961இல் ஹவுஸ் பொருத்திய கம்பிகளை உடல் ஏற்காமல் அகற்ற வேண்டியதாயிற்று. சக மருத்துவர்கள் பலர் அவரைப் புறக்கணித்தார்கள். ஒற்றை மின்முனை கொண்ட அவருடைய கருவிக்கு 1984இல்தான் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அதில் ஒலி இருப்பது தெரியும், ஏற்ற இறக்கம் தெரியும். உதட்டைப் பார்க்காமல் பேச்சு புரியாது.

பேச்சு புரிய, காக்ளியாவின் வெவ்வேறு இடங்களைத் தனித்தனியாகத் தூண்ட வேண்டும். மெல்போர்னின் கிரேம் கிளார்க் அதைத்தான் தேடினார். அவருடைய தந்தை மருந்துக்கடைக்காரர், காது மந்தமானவர்; வாடிக்கையாளர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் அவர் தவித்ததைப் பார்த்து வளர்ந்தவர் மகன். சுருண்ட குழலுக்குள் மின்முனைக் கம்பியை எப்படிச் சேதமில்லாமல் நுழைப்பது என்பது சிக்கல். 1977இல் கடற்கரை ஒன்றில் சங்கு போன்ற கிளிஞ்சலுக்குள் புல் தண்டைச் செருகிப் பார்த்தபோது, நுனி வளைந்தும் அடி விறைப்பாகவும் இருந்தால் அது சுருளுக்குள் ஆழமாகப் போவதைக் கண்டார். 1978 ஆகஸ்ட் 1 அன்று, விபத்தில் காது போன ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு அந்தக் கம்பியைப் பொருத்தினார். பரிசோதனையில் தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டதும் சாண்டர்ஸ் எழுந்து விறைத்து நின்றார். கருவியின் ஒயர்கள் பிடுங்கிக்கொண்டன. வியன்னாவில் இங்கெபோர்க் ஹோக்மைர், எர்வின் ஹோக்மைர் தம்பதியின் பலமுனைக் கருவியும் 1977 டிசம்பரிலேயே ஒருவருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. 1991இல் அமெரிக்கர் பிளேக் வில்சன், மின்முனைகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாமல் அடுத்தடுத்து வேகமாகத் துடிப்பு அனுப்பும் முறையை வெளியிட்ட பிறகு, தொலைபேசியில் பேசுமளவுக்குப் பலருக்குத் தெளிவு கிடைத்தது. 3,500 செல்கள் செய்த வேலையை 20 சொச்சம் மின்முனைகள் செய்கின்றன. மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது.

அந்த மூளை பிஞ்சாக இருக்க வேண்டும் என்பதால்தான் வயது முக்கியமாகிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு ஆரம்ப ஆண்டுகளில் காக்ளியர் இம்ப்ளான்ட் எனப்படும் இந்தக் கருவியைப் பொருத்தினால் பேச்சு வரும். வளர்ந்தபின் பொருத்தினால் ஒலி வரும், மொழி வருவது அரிது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இந்த அறுவையை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றுக்கொண்டது அதனால்தான். நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் மரபணுவழிக் கேளாமை கூடும்; அந்த வழக்கமுள்ள மாநிலத்தில் இதன் தேவை கொஞ்சமல்ல. பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணும் பெற்றோர் ஏமாந்து போவார்கள். மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். காதுக்கு வெளியே மாட்டும் பகுதி உடைந்தாலோ தொலைந்தாலோ அதன் செலவு ஏழைக் குடும்பத்தை உலுக்கும்.

இதை வைத்தியம் என்றே ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு காது கேளாதோர் பள்ளிகளில் சைகை மொழியை ஒதுக்கி, வாய்ப்பேச்சை மட்டுமே கற்பிக்கத் தீர்மானித்தது. பெல்லும் அந்தக் கட்சிதான். பல தலைமுறைப் பிள்ளைகள் கை கட்டப்பட்டு, புரியாத உதடுகளைப் பார்த்தபடி வளர்ந்தார்கள். அந்த மாநாட்டின் வாரிசான அமைப்பு 2010இல் வான்கூவரில் கூடித்தான் வருத்தம் தெரிவித்தது. குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் வைக்க 1990இல் அமெரிக்கா அனுமதித்தபோது அங்குள்ள காது கேளாதோர் சங்கம் எதிர்த்தது இந்த அனுபவத்தின் பின்னணியில். சைகை மொழியை முழு மொழியாகக் கொண்டு வாழ்பவருக்கு, அவரைப் பழுதுபார்க்க வருகிறவர் மேல் சந்தேகம் வருவது இயல்பு. பத்தாண்டு கழித்துச் சங்கத்தின் எதிர்ப்பு தளர்ந்தது. இம்ப்ளான்டும் சைகையும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம் என்ற நிலைக்கு இன்று பலர் வந்துவிட்டார்கள்.

கேட்கும் திறன் குறைந்து மறுவாழ்வு உதவி தேவைப்படுகிறவர்கள் உலகில் 43 கோடிக்கு மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இன்னும் சாதாரணக் கேட்கும் கருவிகூட எட்டவில்லை. லேசான, மிதமான மந்தத்துக்கு மருந்துச் சீட்டில்லாமல் கடையில் கருவி வாங்க அமெரிக்கா 2022 அக்டோபரில் வழிவிட்டது, விலை குறையட்டும் என்றுதான். மரபணுச் சிகிச்சைக்கான ஆய்வுகளும் நடக்கின்றன. மயிர்ச் செல்கள் நன்றாக இருந்தும் ஓட்டோஃபெர்லின் என்னும் ஒரே புரதம் இல்லாததால் கேளாமல் பிறந்த குழந்தைகளுக்கு, சரியான மரபணுவை வைரஸில் ஏற்றிக் காக்ளியாவுக்குள் செலுத்திய சீன மருத்துவர்களின் முடிவுகள் 2024இல் வெளியாயின; பெரும்பாலான குழந்தைகளுக்குக் கேட்கத் தொடங்கியது. பிறவிக் கேளாமையில் சிறு பங்குதான் இந்த வகை. முதுமையாலும் இரைச்சலாலும் மயிர்ச் செல்லே அழிந்தவர்களுக்கு அந்தச் சிகிச்சை பொருந்தாது. அவர்களுக்கு இப்போதைக்கு உள்ளது கருவியும், முற்றினால் இம்ப்ளான்டும்.